முயல் வளர்ப்பில் அளவு வேண்டும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



காலை முதல் குடிநீர், சாலை, ஏரி மராமத்து ஆகிய பெரிய காரியங்களைப் பற்றிப் பேசினோம். இப்பொழுது நாம் பேச எழுந்திருப்பது முயலைப் பற்றி. இச்சிறு பிராணியைப் பற்றி அரை மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினோம். அவ்வெண்ணத்தினால் ஓர் ஏழைக் குடும்பத்திற்கு நேர்ந்த இழப்பை முதலில் கூறிவிட்டு, பிறகு செய்திக்கு வருகிறோம்.

நாம் முன்னர்ப் பணிபுரிந்த ஒரு வட்டாரத்தில், மகளிர் குழுவினருக்கு உப வருவாய்க்கென முயல்கள் வழங்கினோம். வீட்டிற்கு ஓர் ஆண், ஒரு பெட்டை என்று சோடியாகக் கொடுத்தோம். ஒரு கூடு செய்யவும் பணம் கொடுத்தோம். வரிசையில் நின்ற ஒரு தாய், "ஐயா, இவ்விரண்டையும் ஒரே கூட்டில் போடலாமா?" என்று கேட்டார். "தாராளமாகப் போடுங்கள், அம்மா, சோடிதானே!" என்று விடையளித்தோம். அந்த விடையைச் சொல்வதற்கு முன் கால்நடை மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஏழு மாதங்கள் கழித்து அவ்வூருக்குச் சென்றோம். அந்த அம்மையாரின் வீட்டுப் பின்புறத்தில் அதே ஒற்றைக் கூடு இருந்தது. அதற்குள் பெரியனவும் சிறியனவுமாக முயல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. சிலவற்றின் காதுகள் கிழிந்திருந்தன. தாய் முயல் எலும்பும் தோலுமாய் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது. பள்ளிக்குச் செல்லும் அவருடைய மகள், ஒவ்வொரு நாள் காலையிலும் இறந்து கிடக்கும் குட்டிகளைப் பொறுக்கி எடுத்து வேலியோரத்தில் புதைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவதாகக் கூறினாள். நாம் பேச்சின்றி நின்றோம். அந்த அம்மையார் கோபப்படவில்லை. "கேட்டுத்தானே போட்டேன், ஐயா" என்று மட்டும் சொன்னார். அந்தத் தாய் முயல் மறுவாரம் இறந்துவிட்டது என்று பின்னர் அறிந்தோம்.

அன்று தொடங்கி, கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும், வளர்ப்போர் வீடுகளில் கண்டும் அறிந்தவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

பசுவின் கணக்கு முயலுக்குப் பொருந்தாது

நம் உழவர்களுக்கு ஆடுமாடுகளைப் பற்றிக் கற்பிக்க வேண்டுவதில்லை. பசு சுமார் 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்திற்கு வரும். கத்தும், தீனி குறையும், கண்ணாடி போன்ற திரவம் வடியும். வெள்ளாடும் ஏறத்தாழ அவ்வாறே. அப்பருவம் கடந்துவிட்டால் காளையும் பசுவும் ஒரே தொழுவத்தில் கட்டிக் கிடந்தாலும் சினை பிடிப்பதில்லை. இந்த அனுபவ அறிவை வைத்துக்கொண்டே முயலையும் நோக்குகிறோம். "பருவத்திற்கு வரும்போது பிரித்து வைத்தால் போதும்" என்று கருதுகிறோம். பிழை இங்கேதான் தொடங்குகிறது.

பெட்டை முயலுக்குப் பசுவைப் போன்ற ஒழுங்கான பருவச் சுற்று கிடையாது. பசுவின் கருமுட்டை பருவத்தையொட்டித் தானே வெளிப்படுகிறது. முயலுக்கோ ஆணுடன் கூடிய பின்னரே, சுமார் 10 முதல் 12 மணி நேரத்திற்குள் கருமுட்டைகள் வெளிப்படுகின்றன. அதாவது, கூடுதலே முட்டையை வரவழைக்கிறது. ஆதலால் பெட்டை முயலுக்கு "இது ஆபத்தில்லாத நாள்" என்று ஒரு நாளும் இல்லை.

கூடுவதற்கு நேரம் வேண்டுமே என்று எண்ணவும் இடமில்லை. அது சில விநாடிகளில் முடிந்துவிடும். "கூட்டைக் கழுவும்போது மட்டும் சற்று ஒன்றாக விட்டோம்" என்று கூறுவோர் பலர். அச்சிறு நேரமே போதும்.

பசு சினைப்பட்டுக் கன்று ஈனச் சுமார் 280 நாட்கள் ஆகின்றன. வெள்ளாட்டிற்குச் சுமார் 150 நாட்கள். முயலுக்கு 31 நாட்களே. ஈற்றுக்குப் பெரும்பாலும் 4 முதல் 8 குட்டிகள். சிலவேளை பத்தும் அதற்கு மேலும் உண்டு. இன்னும் ஒன்று: குட்டி ஈன்ற அன்றே பெட்டை மறுபடியும் ஆணை ஏற்றுச் சினைப்படக்கூடும். ஆண் அதே கூட்டில் இருந்தால், மடியில் குட்டிகளும் வயிற்றில் மற்றொரு சினையுமாகத் தாய் வாட வேண்டியதுதான்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஈற்றுக்கு ஆறு குட்டிகள் என்று கொள்வோம். சோடி சேர்ந்த 31ஆம் நாள் ஆறு. 62ஆம் நாள் பன்னிரண்டு. 93ஆம் நாள் பதினெட்டு. 124ஆம் நாள் இருபத்து நான்கு. முதல் ஈற்றுப் பெட்டைகள் நான்கு மாத வயதில் தாமே சினைப்படக்கூடியவை. ஆகவே ஏறத்தாழ ஆறு மாதத்தில் மகள்களும் ஈனத் தொடங்கிவிடும். ஏட்டுக் கணக்கில் இது பெருஞ்செல்வமாகத் தோன்றும். உண்மையில் நிகழ்வது வேறு. தாயின் உடல் தேய்கிறது, பால் வற்றுகிறது, இடமின்மையால் குட்டிகள் மிதிபட்டுச் சாகின்றன, நோய் பரவுகிறது. தீவனச் செலவு ஏறுகிறது. விற்கத்தக்க எடையுள்ள முயல் ஒன்றும் தேறுவதில்லை. அவ்வூரில் நாம் கண்ட காட்சி இதுவே.

மூன்று காலும் இரண்டு பெட்டையும்

"எங்கள் வீட்டிலிருப்பவை இரண்டும் பெட்டைகளே" என்று உறுதியாகக் கூறுவோர் உண்டு. வாங்கும்போது விற்றவன் அப்படிச் சொல்லியிருப்பான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது போல, அதன்பின் நாம் சோதித்துப் பார்ப்பதில்லை. ஒரு நாள் காலையில் கூட்டின் மூலையில் பிய்த்துக் குவித்த உரோமத்துக்குள் குட்டிகள் நெளியும்போதுதான் நான்காம் கால் தெரிகிறது!

இளங்குட்டிகளில் ஆண் பெண் அறிவது எளிதன்று, பழகியவர்களும் தவறுவர். எட்டு வாரம் ஆனபின் ஓரளவு தெளிவாகும். ஒருவர் குட்டியை மடியில் மல்லாக்கக் கிடத்தி, முதுகையும் பின்புறத்தையும் நன்கு தாங்கிக்கொள்ள வேண்டும். தாங்காவிட்டால் உதைத்துக்கொண்டு முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். பிறப்புறுப்பின் இருபுறமும் விரலால் மெல்ல அழுத்தினால், ஆணில் வட்டமான துளையுடன் சிறு குழல் போல் எழும். பெட்டையில் ஆசனவாயை நோக்கிய நீண்ட பிளவாகத் தோன்றும். மேலும், ஆணில் இவ்விரு துவாரங்களுக்கும் இடைவெளி மிகுதி, பெட்டையில் குறைவு. பத்து முதல் பன்னிரண்டு வாரங்களில் ஆணின் விதைகள் கீழிறங்கும். எனினும் முயல் அவற்றை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளவும் வல்லது. ஆகவே "விதை தெரியவில்லை, எனவே பெட்டை" என்று முடிவு கட்டலாகாது. எட்டாம் வாரம், பத்தாம் வாரம், பன்னிரண்டாம் வாரம் என மும்முறை பார்ப்பதே நல்லது.

ஒரே ஈற்றில் பிறந்த அண்ணனும் தங்கையும் கூடா என்ற நம்பிக்கையும் சில ஊர்களில் நிலவுகிறது. முயலுக்கு உறவு முறை தெரியாது. பன்னிரண்டு வாரம் முடியுமுன் ஆண்குட்டிகளைத் தனியே பிரித்துவிட வேண்டும். தாயிடமிருந்தும் ஆண்குட்டியைப் பிரித்தாக வேண்டும் என்பதை மறத்தலாகாது.

முதல் வழி: பிரித்து வைத்தல்

செலவு குறைந்ததும் எவரும் செய்யக்கூடியதும் இதுவே. ஆணுக்கு ஒரு கூடு, பெட்டைக்கு ஒரு கூடு. இரண்டிற்கும் ஒரு முழமேனும் இடைவெளி இருத்தல் நலம். ஒட்டினாற்போல் வைத்தால் ஆண் முயல் சிறுநீரைப் பீய்ச்சும். ஒன்றையொன்று கம்பி வழியே கடிக்கவும் பார்க்கும். தாழ்ப்பாளைச் சிறுவர்கள் விளையாட்டாகத் திறவாதபடி அமைக்க வேண்டும். கூடுகள் நிழலில் இருத்தல் இன்றியமையாதது. முயல் குளிரைத் தாங்கும், வெயிலைத் தாங்காது.

துணைக்கு இருவரை ஒன்றாக வைக்க விரும்பினால், ஒரே ஈற்றுப் பெட்டைகள் இரண்டை விசாலமான கூட்டில் சிறு வயது முதல் சேர்த்து வளர்க்கலாம். அவையும் சிலவேளை சண்டையிடும். அப்போது பிரித்துவிட வேண்டும். பெட்டை பெட்டையின்மேல் ஏறுவதும் உண்டு. அதனாலேயே முட்டை வெளிப்பட்டுப் பொய்ச்சினை தோன்றும். சுமார் 16 முதல் 18 நாட்களில் அது உரோமத்தைப் பிய்த்துக் கூடு கட்டும், குட்டி வராது. இதைக் கண்டு திகைக்க வேண்டா, தானே அடங்கிவிடும். ஆயினும் இரண்டும் பெட்டைகள்தாமா என்று மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்வதில் நட்டமில்லை.

இரண்டு ஆண்களைச் சேர்த்து வைப்பது ஆகாது. பருவமடைந்தபின் அவை ஒன்றின் விதையை மற்றொன்று கடித்துக் கிழிக்கும் அளவுக்குப் போரிடும்.

இரண்டாம் வழி: காயடித்தல்

ஆணையும் பெட்டையையும் ஒன்றாகவே வைத்து, வீட்டுப் பிராணியாக மட்டும் வளர்க்க விரும்புவோருக்கு உற்ற வழி ஆண் முயலுக்குக் காயடித்தல். விதைகள் இறங்கியபின், ஏறத்தாழ நான்கு மாத வயதில் கால்நடை மருத்துவர் இதைச் செய்வார். இதில் நான்கு செய்திகளை உள்ளத்திற் கொள்ள வேண்டும்.

முதலாவது: ஆட்டுக்கிடாய்க்குச் செய்வதைப் போல இதற்கும் நாமே செய்துவிடலாம் என்று துணியலாகாது. நூலால் கட்டுதல், நசுக்குதல் முதலிய முறைகள் கொடுமையானவை. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கருத்துக்கு முற்றிலும் மாறானவை. மேலும் முயலின் அடிவயிற்றிலிருந்து விதைப்பைக்குச் செல்லும் வழி வாழ்நாள் முழுதும் திறந்தே இருப்பது. அறுவைக்குப்பின் அவ்வழியே குடல் இறங்காதவாறு மருத்துவர் அடைக்க வேண்டும். இது கைப்பழக்கமுள்ளோர் வேலை.

இரண்டாவது: அறுவைக்கு முன் முயலைப் பட்டினி போடக் கூடாது. நாய்க்குப் பட்டினி போடச் சொல்வது வாந்தி எடுத்துவிடும் என்பதற்காக. முயலால் வாந்தி எடுக்க இயலாது. அதன் குடல் ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். நின்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே கொண்டுசெல்லும்போது பசுந்தழையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். அறுவை முடிந்த அன்றே அது தின்னத் தொடங்குகிறதா, புழுக்கை இடுகிறதா என்று கவனியுங்கள். இல்லையெனில் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

மூன்றாவது: காயடித்த அன்றே பெட்டையுடன் சேர்க்கலாகாது. குழாய்களில் எஞ்சியிருக்கும் விந்தினால் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை சினை பிடிக்க இடமுண்டு. "அறுவை செய்தும் பயனில்லை" என்று முறையிட்டவர்கள் இக்காலத்தைக் காத்திராதவர்களே. ஆறு வாரம் முழுமையும் பிரித்து வையுங்கள்.

நான்காவது: எல்லாக் கால்நடை மருந்தகங்களிலும் முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்யும் வசதி இராது. உங்கள் ஊர் மருந்தகத்தில் முதலில் கேளுங்கள். அங்கு இயலாதெனில், சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரித்துச் செல்லலாம்.

பெட்டைக்கும் கருப்பையை அகற்றும் அறுவை உண்டு. வயிற்றைத் திறந்து செய்வதாகையால் அது பெரிய அறுவை, செலவும் மிகுதி. ஆயினும் அதில் வேறொரு நன்மை உண்டு. வயது முதிர்ந்த பெட்டை முயல்களில் கருப்பைப் புற்று மிகுதியாகக் காணப்படும் நோய். கருப்பையை அகற்றினால் அது வாராது. நெடுநாள் அன்போடு வளர்க்கும் வீட்டு முயலுக்கு இதனை மருத்துவருடன் கலந்து முடிவு செய்யலாம்.

அறுவையெல்லாம் முடிந்து சேர்க்கும்போது, ஆணைப் பெட்டையின் கூட்டுக்குள் திடீரென விடக் கூடாது. பெட்டை தன் இடத்தைக் காக்கக் கடித்துக் குதறும். இரண்டுக்கும் புதிதான ஓரிடத்தில், நம் கண்பார்வையில், சிறுகச் சிறுகப் பழக்க வேண்டும்.

முன்னரே சேர்ந்துவிட்டிருந்தால்

இதைக் கேட்கும் உங்களில் சிலர் வீடுகளில் இன்று மாலையே ஆணும் பெட்டையும் ஒரே கூட்டில் இருக்கக்கூடும். வீட்டிற்குச் சென்றதும் பிரித்துவிடுங்கள். அன்றைய தேதியைச் சுவரில் எழுதுங்கள். அன்றிலிருந்து 31, 32 நாட்களுக்குள் ஈற்றை எதிர்பாருங்கள். 25ஆம் நாளுக்குள் உலர்ந்த வைக்கோல் பரப்பிய மரப்பெட்டி ஒன்றைக் கூட்டில் வையுங்கள். ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் போதும்.

குட்டிகள் உரோமமின்றி, கண் மூடியே பிறக்கும். பத்துப் பன்னிரண்டு நாட்களில் கண் திறக்கும். தாய் நாளுக்கு ஒருமுறை, இருமுறைதான், அதுவும் சில நிமிடங்களே பாலூட்டும். மற்ற நேரத்தில் குட்டிகளை விட்டு விலகியே இருக்கும். "தாய் கைவிட்டுவிட்டது" என்று எண்ணிக் குட்டிகளை எடுத்துக் கிளறுவதாலேயே பல இறந்துபோகின்றன. குட்டிகளின் வயிறு உருண்டையாக இருந்தால் பால் கிடைத்திருக்கிறது என்று பொருள்.

வெளியில் விடுவது தயை அன்று

பெருகிய குட்டிகளை இரவோடிரவாகக் கரட்டிலோ கண்மாய்க் கரையிலோ விட்டுவருவோர் உண்டு. "காட்டில் பிழைத்துக்கொள்ளும்" என்பது அவர் எண்ணம். நம் காட்டு முயல் வேறு, கூட்டு முயல் வேறு, இரண்டும் ஓரினமல்ல, கூடிக் குட்டியீனவும் மாட்டா. காட்டு முயலின் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறப்பது. கூட்டு முயலின் முன்னோர் ஐரோப்பாவின் ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதிகளில் வளை தோண்டி வாழ்ந்தவை. நாயும் காகமும் கீரியும் வெயிலும் அதனை ஓரிரு நாட்களில் முடித்துவிடும்.

பிழைத்துவிட்டாலோ, அது அதனினும் கேடு. 1859ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்கிழார் இங்கிலாந்திலிருந்து சுமார் இரண்டு டஜன் முயல்களை வேட்டை விளையாட்டிற்கென வரவழைத்தார். அவற்றின் வழித்தோன்றல்கள் ஐம்பது, அறுபது ஆண்டுகளில் அக்கண்டத்தின் பெரும்பகுதியில் பரவி மேய்ச்சலையும் பயிரையும் அழித்தன. 1901 முதல் 1907 வரை மேற்கு ஆஸ்திரேலியாவில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கம்பிவேலி எழுப்பினர். முயல் அதையும் கடந்தது. 1950இல் நோய்க்கிருமியைப் பரப்பிப் பெருவாரியாகக் கொன்றனர். எஞ்சியவை மீண்டும் பெருகின. ஒரு தாழ்ப்பாள் செய்ய வேண்டிய வேலையை அந்நாட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேலியால் செய்ய முடியவில்லை.

இவ்விடத்தில் மற்றொன்றும் கூறுவோம். காட்டு முயலைப் பிடித்துவந்து கூட்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

ஊராட்சி செய்யத்தக்கது

முன்னாளில் ஊருக்கு ஒரு பொலிகாளை இருந்தது. வீட்டிற்கு வீடு பொலிகாளை வைத்துக்கொண்டவர் எவரும் இல்லை. பசுவைக் காளையிடம் ஓட்டிச் சென்றார்கள். இப்பழைய ஒழுங்கே முயலுக்கும் ஏற்றது. ஐந்தாறு பெட்டைகளுக்கு ஓர் ஆண் தாராளமாகப் போதும். எனவே மகளிர் குழுவிற்கு முயல் வழங்கும்போது வீட்டிற்கொரு சோடி என்று கொடுக்க வேண்டா. வீடுகளுக்குப் பெட்டைகளைக் கொடுத்து, பொறுப்புள்ள ஒரு வீட்டில் ஆணை வைக்கலாம். குட்டி வேண்டும்போது பெட்டையை ஆணின் கூட்டிற்குக் கொண்டுசென்று, கூடியதும் திருப்பிக் கொண்டுவரலாம். குட்டிகள் பால்குடி மறந்து, தாய் உடல் தேறியபின்னரே அடுத்த சேர்க்கை. அப்போது ஈற்றும் நம் கையில், எண்ணிக்கையும் நம் கையில். ஒரு குறிப்பேட்டில் தேதி எழுதினால் உறவுக்குள் சேர்க்கையையும் தவிர்க்கலாம்.

பள்ளிகளில் பிள்ளைகளுக்காக முயல் வளர்ப்பதாயின், மருத்துவர் பார்த்து உறுதி செய்த பெட்டைகள் மட்டுமே இருக்கட்டும்.

நல்ல இனம் பற்றியும் வளர்ப்பு முறை பற்றியும் அறிய விரும்புவோர் கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள ஆராய்ச்சி மையத்தை அணுகலாம். மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையமாகிய அது, வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா முதலிய இனங்களை வளர்த்து வருகிறது. தீவனத்திற்கு வேலிமசால், குதிரைமசால், அகத்தி முதலியவற்றை வரப்போரங்களில் பயிரிடலாம். முயல் மசால் என்றே ஒரு பயிர் இருப்பது நீங்கள் அறிந்ததே.

சுருங்கக் கூறின்

1. பருவ நாள் பார்த்துப் பிரித்தல் முயலுக்குப் பயன்படாது. எந்நாளும் பிரித்தே வைக்க வேண்டும்.
2. எட்டு, பத்து, பன்னிரண்டு வாரங்களில் ஆண் பெண் சோதித்து, பன்னிரண்டு வாரம் முடியுமுன் பிரிக்க வேண்டும்.
3. ஈனும் நாளில் ஆண் முயல் அருகில் இருக்கலாகாது.
4. சேர்த்து வளர்க்க விரும்பினால் ஆணுக்கு மருத்துவர் கையால் காயடித்து, ஆறு வாரம் காத்திருக்க வேண்டும்.
5. மிகுந்த குட்டிகளை வெளியில் விடலாகாது.

நண்பர்களே! அந்த அம்மையாரின் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். நாம் கால்நடை மருத்துவரை அழைத்துக்கொண்டு அவ்வூருக்கு மறுபடி சென்றோம். எஞ்சியிருந்த குட்டிகளை அவர் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பிரித்தார். அவர் விரல் வைக்கும் முறையை அந்தச் சிறுமி அருகிலிருந்து கூர்ந்து பார்த்தாள், "நானும் பார்க்கட்டுமா, ஐயா?" என்று கேட்டுச் செய்தும் காட்டினாள். இரண்டு பெட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு அக்குடும்பம் மீண்டும் தொடங்கிற்று. இரண்டாம் கூட்டிற்கான பணத்தை நாம் முதலிலேயே கொடுத்திருக்க வேண்டும், காலந்தாழ்த்திக் கொடுத்தோம். இன்று அவ்வூரில் எவர் வீட்டில் முயல் ஈன்றாலும், எட்டாம் வாரம் அச்சிறுமியைத்தான் கூப்பிட்டனுப்புகின்றனர்.

இனி எவரேனும் உங்களிடம் "இரண்டையும் ஒரே கூட்டில் போடலாமா?" என்று கேட்டால், நாம் அன்று சொன்ன விடையைச் சொல்லாதீர்கள்.